சர்க்கரை குறைந்தால் மட்டும் போதாது: புதிய நீரிழிவு மருந்துகளின் இருதயப் பாதுகாப்பு எடைபோடப்படுவது எப்படி?

புது தில்லி: இரத்தச் சர்க்கரையையும் உடல் எடையையும் ஒருசேரக் குறைக்கும் டிர்செபடைடு ஊசிமருந்து 2025 மார்ச் மாதம் இந்தியச் சந்தைக்கு வந்தது. அம்மருந்து இருதயத்துக்குத் தீங்கு செய்கிறதா என்பதை அறிவதற்கென்றே 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட சோதனையின் முதன்மை முடிவு வெளியானது அதே ஆண்டு ஜூலை 31ஆம் தேதி. அமெரிக்காவிலோ இம்மருந்து 2022 மே மாதமே அனுமதி பெற்றுவிட்டது. முடிவு தெரிவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே.

முடிவு மருந்துக்குச் சாதகமாகவே அமைந்தது. முடிவுக்கு முன்னர் அது விற்பனைக்கு வந்ததும் விதிமீறல் அன்று. எனினும், ஒரு நீரிழிவு மருந்தின் இருதயப் பாதுகாப்பைப் பற்றி அனுமதிக்கு முன் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும், எவ்வளவை அனுமதிக்குப் பின் தெரிந்துகொண்டால் போதும் என்ற கேள்வி அத்தனை எளிதில் தீர்ந்ததன்று. உலகின் பல நாடுகள் உற்றுநோக்கும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் (எஃப்டிஏ) இக்கேள்விக்கு இதுவரை மூன்று வெவ்வேறு விடைகளை அளித்துள்ளது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் சென்னையைச் சேர்ந்த ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் மதிப்பிட்டது. நீரிழிவு இல்லாதவர்களுடன் ஒப்பிடுகையில் இவர்களுக்கு இருதய இரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. சர்க்கரைக்காக நாள்தோறும் விழுங்கும் மாத்திரையே அந்த வாய்ப்பைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதுதான் விவாதத்தின் மையம்.

சர்க்கரை அளவு என்னும் அளவுகோல்

2008 வரை விடை எளிமையானது. ஏறத்தாழ மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி என்ற பரிசோதனை அளவை மருந்து குறைக்கிறது என நிரூபித்தால் போதும், அனுமதி கிடைத்துவிடும். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பழுதடைவது குறையும் என்பது உறுதியாகியிருந்தது. இருதயத்துக்கும் அதே நன்மை கிட்டும் என்பது மட்டும் அனுமானமாகவே இருந்தது.

அந்த அனுமானத்தின் மீது ஐயம் எழுந்தது புதிதன்று. 1961இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஒரு பல்கலைக்கழகக் கூட்டுச் சோதனையில், டால்புடமைடு மாத்திரை உட்கொண்ட 204 பேரில் 26 பேர் இருதயக் காரணங்களால் உயிரிழந்தனர். மருந்தற்ற வெற்று மாத்திரை பெற்ற 205 பேரில் அவ்வாறு இறந்தவர்கள் 10 பேர். 1970இல் இம்முடிவு வெளியானதும் மருத்துவ உலகம் இரண்டாகப் பிரிந்தது. புள்ளியியல் முறை சரியா, நோயாளிகள் முறையாகப் பிரிக்கப்பட்டார்களா என்ற வாதங்கள் நீதிமன்றம் வரை சென்றன. இவ்வகை மருந்துகளின் உறையில் எச்சரிக்கை வாசகம் இடம்பெற 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சர்க்கரையை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணத்துக்கும் 2008 பிப்ரவரியில் அடி விழுந்தது. 10,251 நோயாளிகளைக் கொண்ட அக்கார்டு என்ற சோதனையில், எச்பிஏ1சி அளவை 6 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரத் தீவிர சிகிச்சை பெற்ற பிரிவில் 257 பேரும், வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவில் 203 பேரும் இறந்திருப்பது தெரியவந்தது. தீவிர சிகிச்சை உடனடியாக நிறுத்தப்பட்டது. சர்க்கரை எண் அழகாக இருந்தது, உயிரிழப்போ கூடியிருந்தது.

விதியை மாற்றிய மாத்திரை

இவ்விவாதத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது ரோசிகிளிடசோன் என்ற மருந்து. கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் நிறுவனம் அவாண்டியா என்ற பெயரில் விற்ற இம்மாத்திரை 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடல் திசுக்கள் இன்சுலினுக்கு நன்கு இணங்குமாறு செய்து சர்க்கரையைக் குறைப்பது இதன் வேலை. அதே வேளையில் உடலில் நீர் தேங்குவதும், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் சற்றே உயர்வதும் தொடக்கத்திலேயே அறியப்பட்டிருந்தன.

2007 மே 21ஆம் தேதி, கிளீவ்லேண்ட் கிளினிக்கின் இருதயநோய் வல்லுநர் ஸ்டீவன் நிசென், புள்ளியியலாளர் கேத்தி வோல்ஸ்கி ஆகியோர் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டனர். தனித்தனியே நடந்த 42 சோதனைகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், ரோசிகிளிடசோன் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு 43 சதவீதம் அதிகம் என அவர்கள் கண்டனர். செய்தி வெளியானதும் நோயாளிகள் பதறினர், விற்பனை சரிந்தது.

அந்த 43 சதவீதத்துக்குப் பின்னால் இருந்த எண்ணிக்கையைப் பார்ப்பது அவசியம். ஏறத்தாழ 28 ஆயிரம் பேரிடம் நடந்த அத்தனை சோதனைகளிலும், இரு தரப்பிலும் சேர்த்துப் பதிவான மாரடைப்புகள் 158 மட்டுமே. பெரும்பாலான சோதனைகள் சில மாதங்களே நீடித்தவை. சர்க்கரையை அளக்க வடிவமைக்கப்பட்டவை. மாரடைப்பை முறையாகத் தேடிப் பதிவு செய்தவை அல்ல. கூடுதல் ஆபத்து 3 சதவீதமாகவும் இருக்கலாம், 98 சதவீதமாகவும் இருக்கலாம் என்பதே அக்கணக்கு உண்மையில் சொன்னது. மருந்து தீங்கானது என்பது நிரூபிக்கப்படவில்லை. ஆனால் எட்டு ஆண்டுகள் விற்பனையில் இருந்த பின்னரும் அது தீங்கற்றது என்று சொல்ல எவரிடமும் சான்று இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது.

அதே ஆண்டு ஜூலை 30ஆம் தேதி கூடிய எஃப்டிஏ ஆலோசனைக் குழு, மருந்து இருதய ஆபத்தைக் கூட்டுகிறது என 20க்கு 3 என்ற வாக்குகளில் ஏற்றது. எனினும் சந்தையில் நீடிக்கலாம் என 22க்கு 1 என்ற வாக்குகளில் பரிந்துரைத்தது. இரு முடிவுகளும் ஒரே நாளில் ஒரே அறையில் எடுக்கப்பட்டவை. 2010 செப்டம்பர் 23ஆம் தேதி ஐரோப்பாவில் விற்பனை நிறுத்திவைக்கப்பட்டது. அமெரிக்காவில் கடும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. இந்தியாவும் அதே ஆண்டிலேயே இம்மருந்தைத் தடை செய்தது. பாதுகாப்புத் தரவுகள் சிலவற்றை எஃப்டிஏவிடம் அளிக்கத் தவறியதை அந்நிறுவனம் 2012இல் ஒப்புக்கொண்டது. வேறு மருந்துகள் தொடர்பான புகார்களையும் உள்ளடக்கிய அவ்வழக்கில் அது செலுத்திய மொத்தத் தொகை 300 கோடி டாலர்.

கதை அத்துடன் முடியவில்லை. 4,447 பேரிடம் நடத்தப்பட்ட ரெக்கார்டு என்ற நீண்டகாலச் சோதனையின் தரவுகள் வெளியாரைக் கொண்டு மறுஆய்வு செய்யப்பட்டன. மாரடைப்பு வாய்ப்பு கூடியதற்கான தெளிவான அடையாளம் அதில் தென்படவில்லை. இருதயச் செயலிழப்பு மட்டும் இரு மடங்காகியிருந்தது. 2013 நவம்பரில் எஃப்டிஏ கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. கடும் விதி ஒன்று பிறக்கக் காரணமான மருந்தே பின்னர் அக்குற்றச்சாட்டிலிருந்து பெருமளவு விடுபட்டது எனலாம். அதற்குள் விதி வேரூன்றிவிட்டது.

1.8, 1.3 என்ற இரு எண்கள்

2008 டிசம்பரில் எஃப்டிஏ வெளியிட்ட வழிகாட்டு நெறிதான் இரண்டாவது விடை. புதிய நீரிழிவு மருந்து எதுவாயினும், அது இருதய ஆபத்தை ஏற்கமுடியாத அளவுக்குக் கூட்டவில்லை என்பதைத் தயாரிப்பாளர் காட்டியாக வேண்டும் என்றது அந்நெறி. ‘ஏற்கமுடியாத அளவு’ என்பதற்கு எண்ணிலும் வரம்பு வகுத்தது. அந்த எண்களின் பொருள் புரிந்தால் ஏற்பாடு முழுவதும் புரிந்துவிடும்.

ஓர் உதாரணம் கொள்ளலாம். ஆயிரம் பேருக்குப் புதிய மருந்தும், வேறு ஆயிரம் பேருக்கு வெற்று மாத்திரையும் தரப்படுகின்றன. ஓராண்டு முடிவில் முதல் பிரிவில் 10 மாரடைப்புகள், இரண்டாவதில் 8. விகிதம் 1.25, ஆபத்து 25 சதவீதம் அதிகம் எனத் தோன்றும். ஆனால் இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இரண்டு பேர் கூடுவதும் குறைவதும் தற்செயலாகவே நிகழக்கூடும். தற்செயலையும் கணக்கில் கொண்டு புள்ளியியலாளர்கள் ஒரு வீச்சைத் தருவார்கள். மேற்கண்ட உதாரணத்தில் உண்மையான விகிதம் 0.49 முதல் 3.17 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதாவது மருந்து மாரடைப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்றும் வாதிடலாம்; மூன்று மடங்காக்குகிறது என்றும் வாதிடலாம். சோதனை எதையுமே சொல்லவில்லை என்பதே உண்மை.

இதே சோதனையைப் பத்து மடங்கு பெரிதாக்கினால்? பிரிவுக்குப் பத்தாயிரம் பேர்; 100 மாரடைப்புகள், 80 மாரடைப்புகள். விகிதம் மாறவில்லை, அதே 1.25. வீச்சோ 0.93க்கும் 1.68க்கும் இடையே சுருங்கிவிடும். ஆபத்து கூடியிருந்தாலும் 68 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று இப்போது துணிந்து கூறலாம்.

எஃப்டிஏ பிடித்துக்கொண்டது இந்த வீச்சின் மேல் எல்லையைத்தான். மேல் எல்லை 1.8க்குக் குறைவாக இல்லாவிட்டால் அனுமதிக்கு முன்பே தனியாக ஒரு பெரிய சோதனை தேவை. 1.8க்கும் 1.3க்கும் இடையே இருந்தால், பிற தரவுகளும் நம்பிக்கையளித்தால், மருந்தை விற்கத் தொடங்கலாம், ஆனால் 1.3க்குக் கீழ் என்பதை அதன் பின்னர் நிரூபித்தாக வேண்டும். 1.3க்கும் கீழே இருந்தால் பின்னர் வேறு சோதனை பொதுவாகத் தேவைப்படாது. மேற்கண்ட உதாரண மருந்து நடுவில் சிக்கும்.

மருந்து உண்மையிலேயே தீங்கற்றதாக இருந்தாலும், 1.8 என்ற வரம்பைத் தாண்ட ஏறத்தாழ 122 இருதய நிகழ்வுகள் பதிவாக வேண்டும் எனக் கணக்கிடப்பட்டது. 1.3 என்ற வரம்புக்கு ஏறத்தாழ 611 நிகழ்வுகள் தேவை. இங்கே நிகழ்வு என்பது மூன்றில் ஒன்று: இருதயக் காரணத்தால் மரணம், உயிர் பிழைத்த மாரடைப்பு, உயிர் பிழைத்த பக்கவாதம். பாதுகாப்பை நிரூபிக்கவே நூற்றுக்கணக்கானோருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வந்தாக வேண்டும் என்பது கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றலாம். அந்நோயாளிகளுக்கு அவை மருந்து இல்லாமலும் வந்திருக்கக்கூடியவையே. இரு பிரிவுகளில் எதில் கூடுதலாக வந்தன என்பதுதான் கேள்வி.

தேவையான எண்ணிக்கை விரைவில் கிட்ட வேண்டும் என்பதற்காக நிறுவனங்கள் முதியவர்களையும், ஏற்கெனவே மாரடைப்பு கண்டவர்களையும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களையும் தேடிச் சேர்த்தன. முன்பெல்லாம் இவர்கள் சோதனைகளிலிருந்து விலக்கப்படுவதே வழக்கம். மருத்துவரின் அறையில் காத்திருக்கும் உண்மையான நோயாளியைப் போன்றவர்கள் முதன்முறையாகப் பெருமளவில் சோதனைக்குள் வந்தார்கள். இவ்விதியின் சத்தமில்லாத பயன் இதுவே. மறுபுறம், நாற்பது வயதில் புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட, இருதய நோய் ஏதுமற்ற ஒருவருக்கு இம்முடிவுகள் எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வியும் அதனுடனேயே பிறந்தது.

பூட்டிய அறைக்குள் ஒரு கணக்கு

சோதனை முடிய ஐந்தாண்டுகள் ஆகும் என்றால் மருந்து அதுவரை காத்திருக்குமா? இதற்குக் கண்ட வழி, இடைக்கால ஆய்வு. சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு சிறு குழு மட்டும் முடிவைத் திறந்து பார்க்கும். 1.8 என்ற வரம்பு தாண்டப்பட்டிருந்தால் அத்தரவு எஃப்டிஏவுக்கு இரகசியமாக அளிக்கப்படும். மருந்து அனுமதி பெறும். சோதனை எதுவும் நடவாதது போல் தொடரும்.

நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தின் டெக்லுடெக் என்ற நீண்டநேர இன்சுலின் இவ்வழியில் வந்தது. 2013 ஜனவரியில் ஐரோப்பா இதற்கு அனுமதி அளித்தது. அடுத்த மாதமே எஃப்டிஏ, தனி இருதயச் சோதனை இன்றி முடிவெடுக்க இயலாது எனத் திருப்பியனுப்பியது. 7,637 பேரிடம் சோதனை தொடங்கி, இடைக்காலத் தரவு அளிக்கப்பட்ட பின் 2015 செப்டம்பரில்தான் அமெரிக்க அனுமதி கிட்டியது. 2017இல் வந்த முழு முடிவில் விகிதம் 0.91, கவலைக்கு இடமில்லை. இரண்டரை ஆண்டுத் தாமதம் வீணா, நியாயமான எச்சரிக்கையா என்பதற்கு முடிவு தெரிந்த பின் விடை சொல்வது எளிது.

இரகசியம் காப்பது ஏன் முக்கியம் என்பதை உணர்த்தியது ஓர் உடல் எடைக் குறைப்பு மருந்து. நால்ட்ரெக்சோன், புப்ரோபியான் ஆகிய இரண்டும் கலந்த அம்மாத்திரை, இதே போன்ற இடைக்கால ஆய்வின் அடிப்படையில் 2014 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மறு ஆண்டு மார்ச்சில், அதன் தயாரிப்பாளர் இடைக்கால முடிவைக் காப்புரிமை ஆவணம் வழியே வெளிப்படுத்தியது: இருதய நிகழ்வுகள் 41 சதவீதம் குறைவு! அக்கணக்கு முதல் 94 நிகழ்வுகளை மட்டுமே கொண்டது. நிகழ்வுகள் ஏறத்தாழ இரு மடங்கானபோது அந்த 41 சதவீதம், தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாத 12 சதவீதமாகக் கரைந்துவிட்டது. இரகசியம் கலைந்ததால் சோதனையே பாதியில் கைவிடப்பட்டது. சிறிய எண்களை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் அரிது. ரோசிகிளிடசோன் விவகாரத்தில் கெட்ட செய்தியாக வந்தது, இங்கே நல்ல செய்தியாக வந்தது, அவ்வளவே வேறுபாடு.

தீங்கைத் தேடியபோது கிடைத்த நன்மை

முதலில் வந்த முடிவுகள் ஆர்ப்பாட்டமற்றவை. கிளிப்டின் வகையைச் சேர்ந்த சாக்ஸாகிளிப்டின் 16,492 பேரிடம் சோதிக்கப்பட்டு 2013இல் விகிதம் சரியாக 1.00 என வந்தது. நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஆனால் முதன்மைப் பட்டியலில் இல்லாத ஒன்று கண்ணில் பட்டது: இருதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மருந்துப் பிரிவில் 3.5 சதவீதம், மற்றதில் 2.8 சதவீதம். இவ்வளவு பெரிய சோதனை நடந்திராவிட்டால் இவ்வேறுபாடு வெளிப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை. 2016இல் சாக்ஸாகிளிப்டின், அலோகிளிப்டின் இரண்டுக்கும் இது குறித்த எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. 14,671 பேரிடம் சோதிக்கப்பட்ட சிட்டாகிளிப்டினில் இந்தச் சிக்கல் காணப்படவில்லை. ஒரே வகை மருந்துகள் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எண்ணிவிட முடியாது.

2015 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐரோப்பிய நீரிழிவு மாநாட்டில் நிலைமை தலைகீழானது. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின், 7,020 பேரிடம் நடந்த சோதனையில் தீங்கற்றது என்பதையும் தாண்டிச் சென்றிருந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் இருதயக் காரணங்களால் இறந்தவர்கள் வெற்று மாத்திரைப் பிரிவில் 5.9 சதவீதம், மருந்துப் பிரிவில் 3.7 சதவீதம். நூறு பேரில் இரண்டு உயிர்கள் காக்கப்பட்டன என்பது சிறிதாகத் தோன்றலாம். நீரிழிவு மருந்துகளின் வரலாற்றில் அது மிகப் பெரிது. சர்க்கரைக் குறைப்பால் மட்டும் இந்நன்மை விளைந்திருக்க முடியாது என்பதும் விரைவில் தெளிவாயிற்று. இன்று நீரிழிவு இல்லாத இருதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் இவ்வகை மருந்து பரிந்துரைக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு லிராகுளூடைடு ஊசிமருந்தும் இருதய நிகழ்வுகளை 13 சதவீதம் குறைத்தது.

இந்தியாவில் எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்தது. ஏறத்தாழ 60 ரூபாய்க்கு விற்ற ஒரு மாத்திரையைச் சில நிறுவனங்கள் 10 ரூபாய்க்கும் குறைவாகத் தர முன்வந்தன. இந்த விலைக் குறைவின் முழுப் பொருள், பத்தாண்டுகளுக்கு முன் நடந்த அச்சோதனை இல்லாவிட்டால் எவருக்கும் தெரிந்திருக்காது.

பழைய ஐயம் ஒன்றும் இக்காலத்தில் பெருமளவு தணிந்தது. டால்புடமைடின் உறவினமான, இந்தியாவில் மிகப் பரவலாகப் பயன்படும் மலிவான கிளிமெபிரைடு மாத்திரை, லினாகிளிப்டினுடன் நேரடியாக ஒப்பிடப்பட்டது. 2019இல் வெளியான முடிவில் இருதய நிகழ்வுகள் 12.0 சதவீதம், 11.8 சதவீதம் என ஏறத்தாழ சமமாக இருந்தன. 1970இல் எழுந்த அச்சத்துக்கு இவ்வளவு பெரிய சோதனையின் வழியே விடை வர அரை நூற்றாண்டு ஆனது.

மீண்டும் மாறிய விதி

மருந்துக்கு மருந்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்ட சோதனைகள், பல ஆண்டுகள், பெரும் செலவு; ரோசிகிளிடசோன் போன்ற ஆபத்து எதிலும் தென்படவில்லை. பிறகும் இவ்விதி வேண்டுமா என்று ஆராய 2018 அக்டோபரில் கூடிய ஆலோசனைக் குழு, ஏதேனும் ஒரு வடிவில் வேண்டும் என 10க்கு 9 என்ற வாக்குகளில் முடிவு செய்தது. ஒரே ஒரு வாக்கு வேறுபாடு.

2020 மார்ச்சில் எஃப்டிஏ முன்வைத்த வரைவு நெறி மூன்றாவது விடை. 1.8, 1.3 என்ற வரம்புகள் கைவிடப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக, மருந்தை யார் எவ்வளவு காலம் எடுத்திருக்க வேண்டும் என்பதே அளவுகோலாயிற்று. மருந்து எடுத்த அனைவரின் காலத்தையும் கூட்டினால் குறைந்தது 4,000 ஆண்டுகள் வர வேண்டும். 1,500 பேராவது ஓராண்டும், 500 பேராவது ஈராண்டும் எடுத்திருக்க வேண்டும். ஏற்கெனவே இருதய நோய் உள்ளவர்கள் 600 பேர், 65 வயதைக் கடந்தவர்கள் 600 பேர், நடுத்தர அல்லது கடும் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் 500 பேர் அவர்களுள் இடம்பெற வேண்டும்.

டிர்செபடைடு அனுமதி பெற்றது இக்காலத்தில்தான். அனுமதிக்கு முன் நடந்த ஏழு சோதனைகளில் 7,215 பேர் பங்கேற்றனர். அவர்களுள் 142 பேருக்கு இருதய நிகழ்வுகள் ஏற்பட்டன. விகிதம் 0.80, வீச்சு 0.57 முதல் 1.11 வரை. பழைய விதியின் கண் கொண்டு பார்த்தாலும் மேல் எல்லை 1.3க்குக் கீழேதான். அந்த 142 பேரில் 109 பேர், இருதய ஆபத்து மிகுந்தவர்களைச் சேர்த்த ஒரே சோதனையைச் சேர்ந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. அத்தகையோரைச் சேர்க்காமல் எத்தனை ஆயிரம் பேரைச் சோதித்தாலும் இருதயத்தைப் பற்றி அதிகம் தெரியவராது. 2025இல் வந்த பெருஞ்சோதனை முடிவில், இருதயத்துக்கு நன்மை செய்வது முன்பே நிரூபணமான டுலாகுளூடைடு மருந்துடன் ஒப்பிட்டபோது விகிதம் 0.92 என அமைந்தது. டுலாகுளூடைடை விட மோசமில்லை என்பது உறுதியானது, அதைவிட மேல் என்பது உறுதியாகவில்லை.

இந்தியாவின் நிலை

இந்தியாவில் புதிய மருந்துகளுக்கு மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, நிபுணர் குழுவின் பரிந்துரையைப் பெற்று அனுமதி அளிக்கிறது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் இதற்கு அடிப்படை. நீரிழிவு மருந்துகளுக்கெனத் தனியாக இருதய ஆபத்துக்கு எண் வரம்பு எதையும் அவ்விதிகள் வகுக்கவில்லை. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ முன்பே அனுமதி பெற்ற மருந்துகளைப் பொறுத்தவரை இது பெரிய குறையன்று. அங்கு நடந்த சோதனைகளின் தரவு இங்கும் பயன்படுகிறது.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. டெனிலிகிளிப்டின் என்ற மாத்திரை 2015 முதல் இந்தியாவில் குறைந்த விலையில் பெருமளவில் விற்கப்படுகிறது. ஜப்பானில் உருவான அது அமெரிக்காவில் அனுமதி பெற்றதன்று. ரெமோகிளிஃப்ளோசின் 2019இல் உலகிலேயே முதன்முதலில் இந்தியாவில்தான் அனுமதி பெற்றது. இவை தீங்கானவை என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் எம்பாகிளிஃப்ளோசினும் சிட்டாகிளிப்டினும் கடந்து வந்தது போன்ற, பல ஆயிரம் பேரைக் கொண்ட இருதயச் சோதனை வழியாக இவை வரவில்லை. ஒரே வகையைச் சேர்ந்த மற்றவை பாதுகாப்பானவை என்பதால் இவையும் அப்படியே என்ற அனுமானத்தில்தான் பெரிதும் பயன்படுகின்றன. அந்த அனுமானம் எங்கே இடறக்கூடும் என்பதைச் சாக்ஸாகிளிப்டின் காட்டியது. விலை குறைவு என்பது கையிலிருந்து பணம் செலவழித்து மருந்து வாங்கும் நாட்டில் புறந்தள்ளக்கூடிய காரணமும் அன்று.

விற்பனைக்கு வந்த பின்னர் கண்காணிப்பது காஸியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் ஒருங்கிணைக்கும் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம். சந்தேகத்துக்குரிய பக்கவிளைவுகளை மருத்துவர்களும் நோயாளிகளும் தாமாக முன்வந்து தெரிவிப்பதே இதன் அடித்தளம். அரிதான ஒவ்வாமையோ, கல்லீரல் பாதிப்போ இவ்வழியில் விரைவில் பிடிபடும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் குறித்த ஐயத்தால் 2013 ஜூனில் பியோகிளிடசோன் மருந்தை மத்திய அரசு நிறுத்திவைத்ததும், ஜூலை இறுதியில் எச்சரிக்கை வாசகத்துடன் மீண்டும் அனுமதித்ததும் நினைவிருக்கலாம்.

மாரடைப்பின் கதை அப்படியன்று. அறுபது வயது நீரிழிவு நோயாளிக்கு மாரடைப்பு வந்தால் மருத்துவரோ குடும்பத்தினரோ மாத்திரையைச் சந்தேகிப்பதில்லை; நோயின் போக்கு என்றே கொள்வார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். பொதுவான நோயை மருந்து சற்றே கூட்டினால் அதைத் தனித்தனிப் புகார்களால் கண்டறிய இயலாது; இரு பிரிவுகளை ஒப்பிட்டு எண்ணினால் மட்டுமே தெரியும். ரோசிகிளிடசோன் எட்டு ஆண்டுகள் கேள்விக்கு உட்படாமல் விற்றதற்கு இதுவும் ஒரு காரணம். புதிய மருந்து தொடங்கிய பின் கால் வீக்கம், மூச்சிரைப்பு, திடீர் எடைக் கூடுதல் போன்ற இருதயச் செயலிழப்பின் அறிகுறிகள் தோன்றினால் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் உடனே கூற வேண்டும். கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் நோயாளிகள் நேரடியாகப் பதிவு செய்யலாம்.